புதுப்பிப்பு: நீளவாக்கில் அறுக்க ரம்பம் கிடைத்துவிட்டது

வேப்பம்பலகையை நீளவாக்கில் அறுக்க எந்தக் கைரம்பம் நல்லது என்று போன மாதம் கேட்டிருந்தேன். கையில் இருப்பதே போதும் என்றீர்கள் சிலர். அறுத்துப் பார்த்தேன், தோள்தான் கழன்றது! காட்பாடியில் எங்கள் தெருத் தச்சர் ரம்பத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். அது குறுக்கே அறுப்பதற்கானதாம்: அங்குலத்துக்கு 10 பல், ஒவ்வொன்றும் கத்திமுனை. நாரோட்டத்தில், அதாவது மரநார் ஓடும் நீளவாக்கில், அறுக்க உளிவாய் போன்ற பற்கள் வேண்டும். அங்குலத்துக்கு 5 போதும். இடைவெளி பெரிதானால்தான் தூள் அடைக்காது.

வேலூரில் தேடி 26 அங்குல ரம்பம் ஒன்று வாங்கினேன். மாவு போல் கொட்டிய தூள் இப்போது குருணையாக விழுகிறது. அறுத்த பிளவு ரம்பத்தை இறுகிப் பிடித்தால் சிறு ஆப்பு செருகிக்கொள்கிறேன். பழையதை விற்கவில்லை, குறுக்குவெட்டுக்கு இருக்கட்டும். பல் தீட்ட முக்கோண அரம்தான் இன்னும் வாங்கவில்லை.