ஆட்டுப்பட்டிக்குள் சிறுத்தை: பிடித்துக்கொண்டு போனால் தொல்லை தீருமா?

பட்டிக்காரன்:
போன வாரம், விடியற்காலை 4 மணி இருக்கும். பட்டியில் சத்தமே இல்லை. அதுதான் முதலில் உறுத்தியது. அந்த நேரத்துக்கு ஒரு குட்டியாவது கத்தும். டார்ச்சோடு போனால் 7 ஆடுகள் செத்துக் கிடக்கின்றன. எல்லாவற்றுக்கும் தொண்டையில் பல் இறங்கிய ஓட்டை. தின்றது ஒரே ஒரு ஆட்டை, அதிலும் தொடைப் பக்கம் கொஞ்சம். சுவர் என் தலை உயரம். அதற்கு மேல் கட்டிய முள்கம்பியில் மஞ்சள் மயிர் சிக்கியிருந்தது.

கூண்டு வைத்துச் சிறுத்தையைப் பிடித்துத் தொலைவான காட்டில் விடச் சொல்லி ஊரே மனு எழுதுகிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு சந்தேகம். பசிக்கு ஒன்று போதாதா? இத்தனையை ஏன் கொன்றது?

கிழட்டு மேய்ப்பன்:
வெறி என்று நினைக்காதீர்கள். வெளியில் ஒரு ஆட்டைப் பிடித்தால் மற்றவை ஓடிவிடும், அதோடு வேட்டை முடிந்தது. பட்டிக்குள் ஓட இடமில்லை. மிரண்டு அதன் முன்னாலேயே குதிக்கின்றன. அசைவதைப் பாய்ந்து பிடிப்பது அதன் பிறவிக் குணம். எனக்கும் ஒரு ராத்திரியில் 11 போயின. அப்போது நானும் கூண்டுக்குத்தான் அலைந்தேன். பிடித்தார்கள், கொண்டுபோனார்கள். மூன்றே மாதத்தில் வேறொன்று வந்தது. ஒன்று போனால் அதன் எல்லை காலி, அடுத்தது குடியேறிவிடும். கொண்டுபோய் விட்டதும் சும்மா இருக்காது. தெரியாத இடத்தில் அலையும், பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும். மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் பக்கம் 2000-களின் தொடக்கத்தில் கரும்புக் காட்டுச் சிறுத்தைகளைப் பிடித்து வேறு காடுகளில் விட்டார்கள். அதற்குப் பிறகு மனிதர்கள் மீதான தாக்குதல் கூடியதுதான் மிச்சம். வனவிலங்கு ஆய்வாளர் வித்யா ஆத்ரேயாவின் குழுவினர் அதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

உங்கள் பட்டிக்குக் கூரை இருக்கிறதா? அதைச் சொல்லவே இல்லையே.

பட்டிக்காரன்:
பாதிக்குத் தகரம். மீதி திறந்தவெளிதான், காற்றோட்டத்துக்கு. ராத்திரி காவலுக்கு நாயைச் சங்கிலியில் கட்டியிருந்தேன். அது குரைக்கவே இல்லை, கட்டிலுக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருந்தது.

கிழட்டு மேய்ப்பன்:
அந்தத் திறந்தவெளிதான் வாசல். சிறுத்தைக்குத் தலை உயரச் சுவர் ஒரு படிக்கட்டு மாதிரி. முள்கம்பியை நம்பாதீர்கள். திறந்த பாதிக்கு மேல் சங்கிலி வலை, அதாவது பின்னிய இரும்புக் கம்பி வலை போட்டு, சுவரோடு முறுக்கிக் கட்டுங்கள். காற்று வரும், அது வராது. கோழிவலை வேண்டாம், கிழித்துவிடும். அப்புறம் கதவு: அடியில் சந்து இருக்கக் கூடாது, தாழ்ப்பாள் இரும்பில் இருக்கட்டும். சுற்றியுள்ள புதரை வெட்டுங்கள், பதுங்க இடம் இருக்காது. நாயைக் கட்டிப்போடுவது காவல் இல்லை, சிறுத்தைக்கு வைக்கும் இரை. உங்கள் நாய் தப்பித்தது அதிர்ஷ்டம்.

செத்த ஆட்டில் விஷம் தடவச் சொல்லி யாராவது வருவார்கள். கேட்காதீர்கள். கழுகும் நாயும்தான் முதலில் சாகும்.

வரப்போரம்:
மாட்டின் பின்பக்கம் கண் வரைந்தால் போதும் என்கிறார்களே?

கிழட்டு மேய்ப்பன்:
விளையாட்டுப் பேச்சு இல்லை அது. ஆப்பிரிக்காவில், போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ பகுதியில் 4 ஆண்டுகள் பார்த்து 2020-இல் ஆய்வு வெளியானது. கண் வரைந்த 683 மாடுகளில் ஒன்றைக்கூடச் சிங்கமோ சிறுத்தையோ கொல்லவில்லை. வரையாத 835-இல் 15 போயின. பதுங்கிப் பாயும் மிருகம், இரை தன்னைப் பார்த்துவிட்டது என்று தெரிந்தால் விட்டுவிடுமாம். ஆனால் அது பகலில் மேயும் மாட்டுக்கு. இருட்டுப் பட்டிக்குள் கண் எதற்கு? வலையைக் கட்டுங்கள்.

பட்டிக்காரன்:
நேற்று வலை கட்டி முடித்தேன், கதவுக்கு அடியில் கல் பதித்தேன். நாய் இப்போது வீட்டுக்குள் படுக்கிறது. மனுவில் கையெழுத்துப் போடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனால் இன்று காலை அவர் மகன் வந்து வலையை எங்கே வாங்கினேன் என்று கேட்டுவிட்டுப் போனான்.