மூணு காணி முந்திரிக்கொல்லைக்கு இங்லீஷ்ல என்னா பேரு போடறது?

முந்திரிக்கொட்டை:
எல்லாருக்கும் வணக்கம், ஒரு டவுட்டு, சிரிக்காதீங்க. பண்ருட்டி பக்கம் எங்களுக்கு மூணு காணி கொல்லை இருக்கு, முந்திரிதான், ஓரத்துல பத்து பன்னெண்டு பலா. 2011 தானே புயல்ல மொத்தமும் சாஞ்சு போய் அதுக்கப்புறம் வச்ச கன்னுங்க, இப்ப நல்லா காய்க்குது. உள்ள ரெண்டு ரூம் கட்டி வுட்டிருக்கோம், ஆரோவில் வர்ற வெளிநாட்டுக்காரங்க ரெண்டு நாள் வந்து தங்கட்டும்னு. நெட்ல போடணும், ரோட்டோரம் போர்டும் வைக்கணும். நான் ஃபார்ம்னு சொன்னேன். டெக்ஸாஸ்ல இருக்கற மச்சான் ரேன்ச்னு போடு மாமா கெத்தா இருக்கும்ங்கறான், தங்கச்சி வூட்டுக்காரர் எஸ்டேட்ங்கறார், ஆஸ்திரேலியால மாட்டுப் பண்ணையில இருக்கற சித்தப்பா பையன் இங்கல்லாம் ஸ்டேஷன்னுதான் சொல்லுவோம்ங்கறான். (அவன் மொதல்ல போன் பண்ணி "ஸ்டேஷன்ல வேல கெடச்சிருச்சு"ன்னப்ப எங்க சித்தி ரயில்வேல சேந்துட்டான்னு தெரு பூரா ஜாங்கிரி குடுத்துட்டு வந்துச்சு, அது தனிக்கதை.) பெயிண்டர் எழுத்துக்கு இவ்ளோன்னு ரேட் பேசியிருக்கான், அவன் சிபாரிசு பிளான்டேஷன். எதுதான் சரி?

பாகூர்_குழி:
ஃபார்மே போடுங்க தலைவா, ஆனா அந்த வார்த்தை எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சா சிரிப்பீங்க. பழைய பிரெஞ்சு ஃபேர்ம், அதுக்கும் பின்னாடி லத்தீன்ல ஃபிர்மா, அர்த்தம் நிலமே கெடையாது, வருஷத்துக்கு இவ்ளோன்னு பேசி வச்ச குத்தகைப் பணம். அப்புறம் குத்தகைக்கு வுட்ட நெலத்துக்கு அந்தப் பேரு ஒட்டி, கடைசில எல்லா நெலமும் ஃபார்ம் ஆயிடுச்சு. வரி வசூல ஏலத்துல எடுக்கறதுக்கு டாக்ஸ் ஃபார்மிங்னு சொல்றாங்கல்ல, அதுல பழைய அர்த்தம் அப்படியே ஒட்டிக்கிட்டு நிக்குது. இன்னொண்ணு, நெட்ல காணின்னு போட்டா எவனுக்கும் புரியாது. எங்க பாண்டிச்சேரி கணக்குல நூறு குழி ஒரு காணி, 57,600 சதுர அடி, ஆர்ல (ஒரு ஆர்னா நூறு சதுர மீட்டர்) சொன்னா ஐம்பத்து மூணரை. உங்க மூணு காணி ஒண்ணே முக்கால் ஹெக்டேர் கூட வராது, 1.6னு போடுங்க.

சில்வர்_பீச்:
ஸ்டேஷன் வேணவே வேணாம். தெற்கு ஆஸ்திரேலியால அன்னா க்ரீக்னு ஒண்ணு இருக்கு, 15,000 சதுர கிலோமீட்டருக்கு மேல, நம்ம கடலூர் மாவட்டத்த நாலு தடவ உள்ள வச்சாலும் எடம் மிச்சம். அந்த அளவு மேய்ச்சல் காட்டுக்குதான் ஸ்டேஷன். அங்க ஹோம்ஸ்டெட்னா அதுக்குள்ள மொதலாளி குடும்பம் இருக்கற வூடு. அதே வார்த்தை அமெரிக்கால வேற, 1862ல லிங்கன் கையெழுத்து போட்ட சட்டத்துல 160 ஏக்கர் அரசாங்க நெலத்த எடுத்து அஞ்சு வருஷம் குடியிருந்து பயிர் வச்சவனுக்கு அது சொந்தம், அந்த நெலமே ஹோம்ஸ்டெட். பேடக் எடுத்துக்குங்க, இங்கிலாந்துல வூட்டுக்குப் பக்கத்துல குதிரை மேய வேலி போட்ட சின்ன எடம், ஆஸ்திரேலியா நியூசிலாந்துல வேலி போட்ட எந்த வயலும் பேடக்தான், அது எவ்ளோ பெருசா இருந்தாலும். ரேன்ச் ஸ்பானிஷ் ரான்ச்சோலேர்ந்து வந்தது, டெக்ஸாஸ் முன்னாடி மெக்ஸிகோ கையில இருந்துச்சில்ல, அதான். மாடு இல்லாம ரேன்ச் இல்ல. ஒங்க கிட்ட மாடு எத்தன?

முந்திரிக்கொட்டை:
ஒண்ணு. அதுவும் பால் வத்திப் போச்சு.

மலைக்காத்து:
நான் கூடலூர், கடலூர் இல்ல, ஊர்ப் பேரத் தப்பா படிச்சு உள்ள வந்துட்டேன், எங்க ஊருக்கு வர வேண்டிய கொரியர் உங்க ஊருக்குப் போறது வழக்கம் அந்த உரிமையில சொல்றேன். எஸ்டேட்னா எங்களுக்கு தேயிலை, லயம்ங்கற தொழிலாளி வரிசை வூடு, கங்காணி, காலைல பிரட்டுங்கற ஆள் கணக்கெடுப்பு. எங்க தாத்தா பாட்டி இலங்கைலேர்ந்து வந்தவங்க, அவங்க வாயில அது எப்பவும் "தோட்டம்"தான், எஸ்டேட்னு தொரைங்கதான் சொல்லுவாங்களாம். இங்கிலாந்துல எஸ்டேட்னா பிரபு வூட்டு சொத்து, இல்லன்னா கவுன்சில் எஸ்டேட்னு நம்ம ஹவுசிங் போர்டு மாதிரி. பிளான்டேஷன் தயவு செஞ்சு போடாதீங்கண்ணே. நமக்கு அது ரப்பர், காபி, அமெரிக்காக்காரங்க காதுல அடிமைங்கள வச்சி பருத்தி எடுத்த எடம். ரோட் ஐலண்ட் மாநிலத்தோட முழுப்பேருல அந்த வார்த்தை இருந்துச்சு, அங்க அதுக்கு அர்த்தம் குடியேற்றம்தான், அப்படியும் 2020ல ஓட்டு போட்டு தூக்கிட்டாங்க. ரெண்டு நாள் ரெஸ்ட் எடுக்க வர்றவங்களுக்கு அந்த நெனப்பு எதுக்கு?

ரிட்டயர்டு_வாத்தி:
இதுல இங்லீஷ்காரன மட்டும் சொல்லி என்ன பண்றது. எனக்கு கல்யாணம் ஆன புதுசுல எங்க அப்பா காலைல ஆறு மணிக்கு "கொல்லைக்குப் போயிட்டு வரேம்மா"ன்னு சொல்லிட்டுப் போனாரு. வூட்டம்மா கும்பகோணம். அங்க கொல்லைன்னா வூட்டுப் பின்பக்கம், கொல்லைக்குப் போறதுன்னா வெளிக்குப் போறது. மணி பத்தாச்சு, மனுசன் வரல. எங்கிட்ட வந்து மெதுவா "மாமாவுக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா, டாக்டர்கிட்ட காட்டலாமா"ன்னு கேட்டுச்சு பாருங்க. அவரு மல்லாட்டைக்கு, அதான் வேர்க்கடலைக்கு, களை வெட்டிக்கிட்டு இருந்தாரு! கோயம்புத்தூர் பக்கம் அதே மானாவாரி நெலம் "காடு", கெணத்துப் பாசனம் இருந்தா "தோட்டம்". காட்டுக்குப் போறேன்னா புலி இருக்குமான்னு நாம பயப்படணும். ஸ்காட்லாந்து மேட்டு நெலத்துல கிராஃப்ட்னு ஒண்ணு உண்டு, துண்டு நெலம், கூடவே ஊர்ப் பொது மேய்ச்சல்ல பங்கு, குடியானவன வெரட்ட முடியாதபடிக்கு 1886ல சட்டம் போட்டாங்க. வெளியூர்க்காரன் கிராஃப்ட்னா வூடுன்னு நெனப்பான், அங்க நெலத்துக்குதான் அந்தப் பேரு. உங்களுது சொந்த பட்டா, அதனால கிராஃப்டும் ஆவாது. என்னக் கேட்டா பேசாம கொல்லைன்னே இங்லீஷ் எழுத்துல எழுதிடுங்க, நம்ம பேரு நமக்கு.

சில்வர்_பீச்:
வாத்தியாரே, இங்லீஷ் எழுத்துல கொல்லைக்கும் கொள்ளைக்கும் வித்தியாசம் ஏது? தங்கற ரூமுக்கு முன்னாடி அந்த போர்டா?

முந்திரிக்கொட்டை:
லேட்டா சொன்னீங்க. வாத்தியார் சொன்னது புடிச்சிப் போய் நேத்தே பெயிண்டர வச்சி அவுட்லைன் போட்டாச்சு. காலைல ஷேர் ஆட்டோக்காரர் நிறுத்திப் பாத்துட்டு "ஒரு நாளைக்கு எவ்ளோ அடிக்கறீங்க"ன்னு கேட்டுட்டுப் போறாரு. அழிச்சுட்டு கேஷ்யூ ஃபார்ம்னு எழுதச் சொல்லிட்டேன். ஃபார்ம் ஹவுஸ்னு போடல, ஈசிஆர் ரோட்ல அந்த பேருல இருக்கற எடத்துல நீச்சல் குளமும் டிஜேவும்தான் இருக்கு, வர்றவன் குளம் எங்கன்னு கேப்பான், எங்ககிட்ட இருக்கறது போர் மோட்டாரு. பெயிண்டர் மொகம்தான் சரியில்ல, பிளான்டேஷன்னா பத்து எழுத்து, ஃபார்ம் நாலோட முடிஞ்சு போச்சுல்ல. அழிச்சதுக்கும் சேத்து கேக்கறான்.