வெள்ளி ஃபினிஷ் போட்ட பனியன் துணி, கைக்குழந்தை தோலுக்கு ஆகுமா?

நூல்கண்டு:
180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்) காட்டன் இன்டர்லாக் பின்னல் துணி, ஃபுல் ஒயிட். ஐரோப்பிய பையர், 0–24 மாதக் குழந்தைகளுக்கான உள்பனியன். பாக்டீரியா எதிர்ப்புக்கு வெள்ளி ஃபினிஷ் வேணுமாம். சப்ளையர் கொடுத்தது சில்வர் குளோரைடு, துணி எடைக்கு 1%. "தோலுக்குப் பாதுகாப்பானது"ன்னு ஒரு பக்க லெட்டர் மட்டும் வந்திருக்கு. அது போதுங்களா? சாம்பிள் லேசா சாம்பல் வேற அடிக்குது.

ஸ்டென்டர்காரன்:
லெட்டர் போதாதுங்க. முதல்ல அந்த 1% எதுல 1%னு கேளுங்க. அது கெமிக்கலோட அளவு, வெள்ளியோடது இல்லை. கெமிக்கல்ல வெள்ளி 2% இருந்தா, கிலோ துணிக்கு 10 கிராம் கெமிக்கல், அதுல 0.2 கிராம் வெள்ளி, அதாவது 200 பிபிஎம் (பத்து லட்சத்துல 200 பங்கு). பிக்-அப், அதாவது துணி தன் எடைக்கு உறிஞ்சுற கரைசல், 75%னு வச்சா பாத்ல (கெமிக்கல் கரைசல்) லிட்டருக்கு 13.3 கிராம் கெமிக்கல் போடணும். பிக்-அப் கணக்கை மறந்து லிட்டருக்கு 10 கிராம் போட்டா துணில 0.75% தான் ஏறும்.

தோல் அரிப்புன்னு புகார் வந்தா எல்லாரும் வெள்ளியைத்தான் திட்டுவாங்க. வெள்ளிக்கு அலர்ஜி ரொம்ப அபூர்வம். வில்லன் பெரும்பாலும் அதைத் துணில பிடிச்சு வைக்கிற பைண்டர். மெலமைன், என்-மெத்திலால் வகை கிராஸ்லிங்க்கர் (பைண்டரை இறுக்கிப் பிணைக்கிற கெமிக்கல்) இருந்தா தோலை உறுத்துற ஃபார்மால்டிஹைடு வரும். குழந்தைத் துணிக்கு ஐஎஸ்ஓ 14184-1 முறையில 'கண்டறியப்படவில்லை'ன்னே ரிப்போர்ட் வரணும். பாலியூரிதேன் பைண்டர் கேளுங்க. ஸ்டென்டர்ல (துணியை இழுத்துக் காய வைக்கிற சூட்டு மெஷின்) ஸ்பீடு கூட்டி க்யூரிங்ல (சூட்டுல பைண்டரை இறுக வைக்கிறது) கை வச்சா பைண்டர் பிடிக்காது. வெள்ளியும் உதிரும், வேகாத கெமிக்கலும் தோல்ல ஒட்டும்.

சாம்பலுக்கு: ஒரு துண்டுல பாதியை அலுமினியம் ஃபாயிலால மூடி ஒரு நாள் வெயில்ல போடுங்க. திறந்த பாதி மட்டும் கறுத்தா வெளிச்சம்தான் காரணம், சில்வர் குளோரைடோட குணமே அது. ரெண்டு பாதியும் ஒரே சாம்பல்னா ப்ளீச்சிங்ல மிஞ்சின காரமும் பெராக்ஸைடும் வெள்ளியை உலோகமா மாத்தியிருக்கும். பெராக்ஸைடு கில்லர் (மிஞ்சின பெராக்ஸைடை அழிக்கிற கெமிக்கல்) போட்டு, அசிட்டிக் ஆசிட்ல துணி பிஹெச்சை 6 பக்கம் இறக்கிட்டு அப்புறம் பேட் பண்ணுங்க (கரைசல்ல முக்கி ரோலர்ல பிழியுறது).

லேப்மேசை:
டெஸ்ட் பக்கம் ரெண்டு கவனம். ஒண்ணு, ஐஎஸ்ஓ 20743 பாக்டீரியாவைக் கொல்லும் திறனை மட்டும் காட்டும். அந்த ரிப்போர்ட்டை நீட்டி 'தோலுக்கு சேஃப்'னு சொல்றவங்களை நம்பாதீங்க. ரெண்டு, செல் நச்சுத்தன்மைக்கான ஐஎஸ்ஓ 10993-5ல வெள்ளித் துணி ஃபெயில் ஆகலாம். பாக்டீரியாவைக் கொல்ற வெள்ளி அயனி சோதனைத் தட்டுல இருக்கிற செல்லையும் விடாது. உடனே பதறாம ஐஎஸ்ஓ 10993-23 எரிச்சல் சோதனையும் சேர்த்துக் கேளுங்க.

எவ்வளவு உதிருதுன்னு பார்க்க, செயற்கை வியர்வைல ஊற வச்சு ஐசிபி-எம்எஸ்ல (நுண்ணிய அளவு உலோகத்தையும் அளக்கிற கருவி) அளக்கணும். பிஹெச் 5.5, 8 ரெண்டுலயும். வியர்வைக் கரைசல்ல லிட்டருக்கு 5 கிராம் உப்பு இருக்கு, கரைஞ்ச வெள்ளி அங்கேயே குளோரைடா படிஞ்சிடும். லேப் வடிகட்டின நீரை மட்டும் அளந்தா எண் குறைச்சலா வரும். அதனால துணியையும் முன்னாடி, பின்னாடி ஆசிட்ல கரைச்சு மொத்த வெள்ளியை அளக்கச் சொல்லுங்க. எச்சில் சோதனையை விடாதீங்க, இந்த வயசுல காலரைச் சப்பாத குழந்தை ஏது?

லேபிள்பாஸ்கர்:
பையர் ஐரோப்பான்னா பயோசைடு (கிருமிக்கொல்லி) சட்டம் 528/2012, பிரிவு 58 பொருந்தும். பாக்டீரியா எதிர்ப்புச் சக்தி இருக்குன்னு சொல்லி வித்தா லேபிள்ல செயல்படு பொருளின் பெயர் வரணும். நானோ அளவுன்னா அதையும் பெயர் பக்கத்துலயே போடணும். வாடிக்கையாளர் கேட்டா 45 நாளுக்குள்ள இலவசமா விவரம் தரணும். ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100ல (துணில தீங்கான கெமிக்கல் இல்லைன்னு சோதிச்சுத் தர்ற சான்று) இது கிளாஸ் 1, மூணு வயசு வரைக்கும். அவங்க ஏத்துக்கிட்ட உயிர்வினைப் பொருள் பட்டியல்ல இந்தக் கெமிக்கல் பேரு இருக்கான்னு ஆர்டரை ஒத்துக்கறதுக்கு முன்னாடியே பாருங்க.

என்னைக் கேட்டா, தினம் துவைச்சு மாத்துற கைக்குழந்தை பனியனுக்கு இது வேண்டாத செலவு. டயப்பர் புண், எக்ஸிமா இருக்கிற தோல்ல தடுப்புச் சுவர் உடைஞ்சிருக்கும், உறிஞ்சுறதும் கூடும். பையர்கிட்ட சொல்லிப் பாருங்க.

நூல்கண்டு:
பையர் விடமாட்டார் போல. வேற என்ன செய்யலாம்?

ஸ்டென்டர்காரன்:
அப்போ பேக்கிங்குக்கு முன்னாடி ஒரு வாஷ் கொடுத்திடுங்க, ஒட்டாத வெள்ளி பெரும்பாலும் முதல் சில வாஷ்லயே போயிடும். ஐஎஸ்ஓ 6330 (வாஷ் சோதனை முறை) படி 20 வாஷுக்கு அப்புறம் மிச்ச பிபிஎம்மைக் கேளுங்க. கேர் லேபிள்ல குளோரின் ப்ளீச் கூடாதுன்னு போடுங்க. பேடர்ல மிஞ்சின பாத்தை டிரெயின்ல விடாதீங்க, சுத்திகரிப்பு நிலையத்துல இருக்கிற பாக்டீரியாவையும் அது கொல்லும். தனியா பிடிச்சு வச்சு அடுத்த லாட்டுக்கு எடுத்துக்கலாம்.