ஃபயர்பாக்ஸில வெப்சைட்டை ஆப் மாதிரி நிறுவுற எக்ஸ்டென்சன்: கடைக் கொம்பியூட்டருக்குச் சரிவருமோ?

குளக்கட்டு (மல்லாவி):

வணக்கம். மல்லாவியில ஒரு சின்ன கொமினிகேசன் வச்சு நடத்துறன். போட்டோகொப்பி, ரீலோட், பரீட்சை முடிவு எடுத்துக் குடுக்கிறது, ஒன்லைன் விண்ணப்பம் நிரப்புறது எல்லாம் ஒரே லப்டொப்பில தான். 4 ஜிபி ராம், விண்டோஸ் 10. பிரவுசர் ஃபயர்பாக்ஸ். அதை விட்டு மாற விருப்பமில்லை.

சனம் வந்து தங்கட மெயிலைத் திறந்து சிவி பிரிண்ட் எடுக்கும். என்ர மெயில், வாட்ஸ்அப் வெப், கடைக் கணக்குச் சீற் எல்லாம் அதே பிரவுசருக்குள்ள திறந்து கிடக்கும். ஒரு பிள்ளை தன்ர மெயிலில இருந்து லொக் அவுட் பண்ணினா என்ர கணக்கும் சேர்ந்து வெளியில போயிடும். அது பரவாயில்லை. போன கிழமை ஒரு அம்மான்ர காணி உறுதி ஸ்கான் பண்ணினது என்ர கூகிள் ட்ரைவுக்குள்ள போய்க் கிடந்தது. கண்டவுடன அழிச்சிட்டன், ஆனா மனம் ஆறேல்ல. இஞ்ச சனம் 2009 யுத்தத்தில சட்டி பானையை விட்டிட்டு, பிறப்புப் பத்திரத்தையும் உறுதியையும் பொலித்தீனில சுத்தி நெஞ்சோட கொண்டு வந்ததுகள். அந்தக் கடதாசி இன்னொருத்தற்ற கணக்கில கிடக்கக் கூடாது.

'ப்ரோகிரசிவ் வெப் ஆப்ஸ் ஃபார் ஃபயர்பாக்ஸ்' எண்டு ஒரு எக்ஸ்டென்சன் இருக்காம். அதால என்ர வேலையளைத் தனி ஜன்னலுக்குப் பிரிக்கலாமோ? கொம்பியூட்டர் தாங்குமோ? மழை நேரம் சிக்னல் போனா நெட் இல்லாமலும் வேலை செய்யுமோ? பாவிச்ச ஆக்கள் சொல்லுங்கோ.

பாலைப்பழம் (நெடுங்கேணி):

அக்கா, நான் ரியூசன் நிலையத்தில இதைத் தான் பாவிக்கிறன். அங்கயும் பிள்ளையளும் நாங்களும் ஒரே மெசின். உங்கட தேவைக்கு இது பொருந்தும். ஆனா என்ன செய்யும், என்ன செய்யாது எண்டு விளங்கிக்கொண்டு போடுங்கோ.

எக்ஸ்டென்சனை மட்டும் போட்டா ஒண்டும் நடக்காது. ஸ்டார்ட் மெனுவில ஐகன் வைக்கவோ பிரவுசரின்ர முகப்பை மாத்தி ஆப் மாதிரி ஜன்னல் ஆக்கவோ ஒரு எக்ஸ்டென்சனுக்கு ஃபயர்பாக்ஸ் இடம் குடுக்காது. அதால கூடவே ஒரு சின்ன மென்பொருளையும் விண்டோஸில நிறுவச் சொல்லும். அது பிறகு இன்னொரு முழு ஃபயர்பாக்ஸை உங்கட டிஸ்க்கில தனியா இறக்கி வைக்கும். நீங்கள் நிறுவுற ஆப் எல்லாம் அந்த ரெண்டாவது ஃபயர்பாக்ஸில தான் ஓடும். டேட்டா கணக்குப் பாக்கிற ஆள் எண்டா இரவு பக்கேஜில இறக்குங்கோ.

உங்களுக்கு வேண்டினது இதுக்குள்ள தான் இருக்கு. அந்த ரெண்டாவது ஃபயர்பாக்ஸுக்குத் தனி புரொஃபைல், அதாவது தரவுகளை வைக்கத் தனி இடம். குக்கி (உங்கட லொகினை ஞாபகம் வைக்கிற சின்னத் தரவு), பாஸ்வேர்ட், லொகின் ஒண்டும் உங்கட வழமையான பிரவுசரோட கலக்காது. வந்த பிள்ளை கடை பிரவுசரில லொக் அவுட் பண்ணினாலும் உங்கட மெயில் ஜன்னல் அசையாது. ஒண்டு, விளம்பரத் தடுப்பான் மாதிரி எக்ஸ்டென்சனுகளை அங்கயும் திருப்பிப் போட வேணும்.

நிறுவேக்க ஒரு பெட்டி வரும். பெயர் கேக்கும், எந்தப் புரொஃபைல் எண்டும் கேக்கும். அந்த இடத்தில கவனம். ஒவ்வொரு ஆப்புக்கும் ஒவ்வொரு புரொஃபைல் குடுத்தா ஒவ்வொண்டும் தனி ஃபயர்பாக்ஸா ஓடும், 4 ஜிபி மூச்சு முட்டும். மெயில், வாட்ஸ்அப், சீற் எல்லாம் உங்கட தானே, ஒரே புரொஃபைலில போடுங்கோ. கடைக் கணக்குச் சீற் மாதிரி ஒரு பக்கத்துக்கு அட்ரஸ் பாரில நிறுவுற ஐகன் வராட்டியும் யோசிக்காதேங்கோ, எக்ஸ்டென்சன் பட்டனுக்குள்ளால எந்தப் பக்கத்தையும் நிறுவலாம்.

நெட் இல்லாமல் வேலை செய்யிறது இந்த எக்ஸ்டென்சன்ர கையில இல்லை. அந்தந்த வெப்சைட் தனக்கு 'சேர்விஸ் வேர்க்கர்' (நெட் இல்லாத நேரமும் பக்கத்தைத் திறக்க வைக்கிற சின்ன நிரல்) எழுதி வச்சிருந்தா மட்டும் தான் நடக்கும். விண்ணப்பப் படிவம் நிரப்பிக்கொண்டிருக்கேக்க சிக்னல் போனா, ஆப்பா நிறுவினாலும் திரும்ப நெட் வரும் வரைக்கும் அதை அனுப்பேலாது.

பிரிச்ச பிறகு ஒரு வேலை கட்டாயம் செய்யுங்கோ. சனம் பாவிக்கிற வழமையான ஃபயர்பாக்ஸின்ர செற்றிங்ஸில, மூடேக்க குக்கியும் தளத் தரவும் அழியிற தெரிவைப் போட்டு விடுங்கோ. ஒவ்வொருத்தர் எழும்பிப் போகவும் பிரவுசரை மூடித் திறந்தாக் காணும், அடுத்த ஆளுக்கு முன்னவற்ற மெயில் தெரியாது. இறக்கின கோப்பு டவுன்லோட்ஸில கிடக்கும், அதை நீங்கள் தான் அழிக்க வேணும். இவ்வளவு நாளும் உங்கட லொகினும் அழியும் எண்டதால இதைச் செய்யேலாமல் இருந்திருக்கும். எனக்கு இந்த எக்ஸ்டென்சனால கிடைச்ச பெரிய நன்மை இது தான்.

ஏ9காரன் (கிளிநொச்சி):

இவ்வளவு கரைச்சல் ஏன்? எட்ஜ், குரோமில மெனுவுக்குள்ளயே தளத்தை ஆப்பா நிறுவுற வசதி இருக்கு. ஃபயர்பாக்ஸிலயும் 143 ஆவது பதிப்பில, 2025 செப்டெம்பரில, விண்டோஸ் டாஸ்க்பாருக்கு வெப் ஆப் வந்திட்டுது. வெளியாள் செய்த மென்பொருளை நிறுவுறது பாதுகாப்போ எண்டதையும் யோசிக்க வேணும்.

பாலைப்பழம் (நெடுங்கேணி):

அண்ணை சொல்லுறது தனி ஜன்னல் மட்டும் வேணுமெண்டா சரி. ஆனா குரோம், எட்ஜ் ஆப் அந்தப் பிரவுசர் புரொஃபைலின்ர குக்கியைத் தான் பாவிக்கும். ஃபயர்பாக்ஸின்ர டாஸ்க்பார் ஆப்பும் அப்பிடித் தான், அதே லொகின், அதே எக்ஸ்டென்சன். அக்கா கேக்கிறது பிரிவினை. அதுக்கு அது உதவாது.

பாதுகாப்புக் கேள்வி நியாயமானது. இதை ஃபயர்பாக்ஸ் செய்யிற மொசில்லா செய்யேல்லை. அவையள் தாங்கள் பரீட்சார்த்தமா வச்சிருந்த இப்பிடியான வசதியை 2021 தொடக்கத்தில எடுத்துப் போட்டினம், அந்த இடைவெளியை ஒரு வெளி நிரலாளர் நிரப்பினவர். நிரல் முழுக்கத் திறந்த மூலம், நிரலுகளைப் போட்டு வைக்கிற கிட்ஹப் தளத்தில ஆரும் பாக்கலாம். மொசில்லான்ர எக்ஸ்டென்சன் தளத்தில இருந்து மட்டும் தொடங்குங்கோ, கூகிளில தேடி வாற வேற இடங்களில இருந்து இறக்காதேங்கோ. வேண்டாமெண்டு எடுக்கேக்க எக்ஸ்டென்சனை மட்டும் நீக்கினாப் போதாது, விண்டோஸில இருக்கிற மென்பொருளையும் நீக்க வேணும்.

குளக்கட்டு (மல்லாவி):

தம்பி, மெத்தப் பெரிய உபகாரம். மூடேக்க அழியிற செற்றிங்கை இண்டைக்கே போட்டிட்டன், லொகின் போனா போகட்டும், ஆப் நிறுவின பிறகு பாப்பம். ஒண்டு மட்டும் கேக்கோணும்: அந்தத் தனி ஜன்னலில அட்ரஸ் பார் இல்லையாம். சனத்தின்ர பாஸ்வேர்ட் சம்பந்தப்பட்ட இடம், முகவரி பாக்காமல் நான் ஒண்டும் ரைப் பண்ண மாட்டன். அதோட பிரிண்ட் குடுக்கலாமோ?

பாலைப்பழம் (நெடுங்கேணி):

பிரிண்ட் வழமை போல, கொன்ட்ரோல் பி. அட்ரஸ் பார், நிறுவின தளத்துக்குள்ள நிக்கேக்க மறைஞ்சிருக்கும், வேற தளத்துக்குப் போனாத் தானாத் தெரியும். எப்பவும் தெரிய வேணுமெண்டா அந்த ஆப் ஜன்னலின்ர செற்றிங்ஸில மாத்தலாம், நீங்கள் எப்பவும் தெரியிற மாதிரியே வையுங்கோ. சனத்தின்ர பாஸ்வேர்ட் மட்டும் உங்கட ஆப்புக்குள்ள அடிக்க விடாதேங்கோ அக்கா, அது எப்பவும் வழமையான ஃபயர்பாக்ஸில தான்.