ஆன்டிபயோகிராமில் ஈ.கோலை எதிர்ப்பு 70% வருகிறது, இந்த எண்ணை நம்பலாமா?

வைகைக்கரை (கேள்வி):
100 படுக்கை மருத்துவமனை. நுண்ணுயிர் எதிர்ப்புக்கான தேசிய செயல்திட்டம் கேட்கும் கண்காணிப்புக்காக முதல் ஆண்டு ஆன்டிபயோகிராம் (எந்தக் கிருமி எந்த மருந்துக்கு எத்தனை சதவீதம் கேட்கிறது என்ற ஆண்டுப் பட்டியல்) போட்டாயிற்று. ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவில் செஃப்ட்ரியாக்ஸோன் ஊசி மருந்துக்கு எதிர்ப்பு 40 மாதிரிக்கு 28, அதாவது 70%. இதைப் பார்த்ததும், சாதாரணச் சிறுநீர்த் தொற்றுக்கும் மெரோபெனெம் (கடுமையான தொற்றுக்கென ஒதுக்கி வைக்கும் ஊசி மருந்து) போட்டுவிடலாம் என்று வார்டில் பேச்சு கிளம்பியிருக்கிறது. கணக்கு எங்கே பிசகியிருக்கும்? ஆன்டிபயாடிக் மருந்து எவ்வளவு பயன்படுத்துகிறோம் என்பதை எப்படி அளப்பது?

பெட்ரிதட்டு:
தயவுசெய்து இந்த எண்ணை நம்பி மெரோபெனெமுக்குப் போகாதீர்கள். முதலில் பட்டியலில் ஒரே நோயாளி எத்தனை முறை வருகிறார் என்று பாருங்கள். ஐசியுவில் மூன்று வாரம் படுத்திருப்பவருக்கு ஐந்து கல்ச்சர் (கிருமி வளர்ப்புச் சோதனை) போயிருக்கும், ஐந்திலும் அதே கிருமி வந்திருக்கும். ஒரு நோயாளி, ஒரு கிருமி, அந்த ஆண்டின் முதல் மாதிரி மட்டும். இதுதான் விதி. உங்கள் 40-இல் இரண்டு பேர் ஐந்தைந்து முறை வந்து, எல்லாமே எதிர்ப்புக் கிருமி என்று வைத்துக்கொள்வோம். திரும்ப வந்த 8-ஐ நீக்கினால் 32-க்கு 20, அதாவது 62.5%. இந்தத் தரவைப் பதிந்து கணக்கிடும் வூநெட் (WHONET) மென்பொருள் இலவசம்தான். 'முதல் மாதிரி மட்டும்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் அதுவே கழித்துவிடும்.

அடுத்தது, 30-க்குக் குறைவான மாதிரிகளுக்குச் சதவீதம் போடக் கூடாது. 32-ஐ ஐசியு, வெளிநோயாளி என்று பிரித்தால் இரண்டுமே 30-க்குக் கீழே போய்விடும். அப்போது இரண்டு ஆண்டுத் தரவைச் சேர்த்து, அப்படிச் சேர்த்ததை அடியில் எழுதிவிடுங்கள். பிரிக்காமல் விடுவதுதான் பெரிய தவறு. ஐசியு கிருமியின் எண்ணை வைத்து, நடந்து வந்து மருந்து வாங்கிப் போகிறவருக்குச் சீட்டு எழுதுகிற நிலை வரும்.

இதையெல்லாம் சரிசெய்தாலும் எண் தூக்கலாகவே இருக்கும். காரணம் லேபில் இல்லை. பெரும்பாலும் முதல் மருந்து கேட்காதபோதுதான் கல்ச்சர் அனுப்புகிறோம். மருந்து கேட்டுக் குணமானவர்களின் கிருமி கணக்கிலேயே வராது. இரண்டு மாதத்துக்கு, சிறுநீர்த் தொற்று என்று வெளிநோயாளிப் பிரிவுக்கு வரும் பெரியவர்கள் அனைவரிடமும் மருந்து தொடங்கும் முன் சிறுநீர் எடுத்து அனுப்பிப் பாருங்கள். அந்த எண்தான் வெளிநோயாளிச் சீட்டுக்கு உதவும். நைட்ரோஃபுரன்டாயின் மாத்திரை மருந்தையும் சோதியுங்கள், ஆனால் சிறுநீர் மாதிரிக்கு மட்டும் அறிக்கை தாருங்கள். அது சிறுநீர்ப்பை அழற்சிக்குத்தான். சிறுநீரகத் திசுவில் போதிய அளவு சேராது.

லேப் பக்கம் டிஸ்க் சோதனையில் (கிருமி தடவிய அகார் தட்டில் மருந்து வில்லை வைத்து, அதைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தை அளப்பது) சரிபார்க்க: கிருமிக் கரைசலின் கலங்கல் 0.5 மெக்ஃபார்லண்டு அளவு, அகார் தடிமன் 4 மி.மீ. தட்டு மெல்லியதானால் வட்டம் பெரிதாகும், எதிர்ப்புக் கிருமியும் 'கேட்கிறது' என்று காட்டும். தடித்தால் எதிர்மாறு. டிஸ்க் புட்டியைக் குளிரிலிருந்து எடுத்த உடனே திறக்காதீர்கள், ஈரம் படிந்து மருந்து கெடும். சோதனை சரியா என்று பார்க்க வைக்கும் ஏடிசிசி 25922 கட்டுப்பாட்டுக் கிருமியின் வட்ட அளவு எல்லைக்குள் வராத நாளில் நோயாளி அறிக்கையை வெளியிட வேண்டாம். கோலிஸ்டின் மருந்துக்கு மட்டும் டிஸ்க் வேண்டவே வேண்டாம். அது அகாரில் சரியாகப் பரவாது, திரவ ஊடகத்தில் மருந்தைப் படிப்படியாக நீர்த்துச் செய்யும் முறைதான் (broth microdilution) நம்பகமானது.

செவிலி_மதுரை:
ரத்தக் கல்ச்சரைப் பற்றியும் சொல்ல வேண்டும், நாடு முழுக்கத் தரவு கெடுவது அங்கேதான். பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மி.லி., இரண்டு வெவ்வேறு இடங்களில் குத்தி எடுக்க வேண்டும். 3 மி.லி. எடுத்தால் கிருமி இருந்தும் வளராது. குளோரெக்ஸிடின் தடவி 30 விநாடியாவது காயவிடுங்கள், பாட்டில் ரப்பர் மூடியையும் ஸ்பிரிட்டால் துடையுங்கள். இதில் அவசரப்பட்டால் தோலில் உள்ள ஸ்டாஃபைலோகாக்கஸ் கிருமி வளரும், அதை நம்பி வான்கோமைசின் மருந்தைத் தேவையில்லாமல் தொடங்கிவிடுவார்கள். மாசு விகிதம் 3%-க்குள் இருக்க வேண்டும். பாட்டிலை ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது. சிறுநீர் அப்படியல்ல, இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போகாதென்றால் ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும். மாதிரியை முதல் டோஸுக்கு முன் எடுங்கள். செப்சிஸ் (தொற்றால் உயிருக்கே ஆபத்தான நிலை) என்றால் அதற்காக மருந்தைத் தாமதப்படுத்த வேண்டாம்.

மருந்தாளர்_தஞ்சை:
மருந்துப் பயன்பாட்டை அளக்க டிடிடி முறைதான் (DDD, பெரியவருக்கு ஒரு நாளைக்கான வழக்கமான அளவை ஓர் அலகாக வைத்து எண்ணுவது). செஃப்ட்ரியாக்ஸோனுக்கு ஒரு நாள் அளவு 2 கிராம், ஊசி மெரோபெனெமுக்கு 3 கிராம். மாதத்தில் செஃப்ட்ரியாக்ஸோன் 1 கிராம் வயல் 900 போயிருந்தால் 450 டிடிடி. 80% படுக்கை நிரம்பினால் 30 நாளில் 2,400 படுக்கை நாட்கள். ஆக 100 படுக்கை நாளுக்கு 18.75. குழந்தைகள் வார்டுக்கு இது பொருந்தாது, எடைக்கேற்ப அளவு மாறும். அங்கே எத்தனை நாள் மருந்து கொடுத்தோம் என்று எண்ணுங்கள். ஸ்டோர் வெளியிட்டதிலிருந்து வார்டு திருப்பி அனுப்பியதைக் கழிக்க மறந்தால் எண் வீங்கும்.

வெளிக்கடைப் பக்கம்: செஃபிக்ஸிம், லெவோஃப்ளாக்ஸாசின், மெரோபெனெம் எல்லாம் ஷெட்யூல் எச்1 (சீட்டோடு கூடுதல் கட்டுப்பாடும் உள்ள மருந்துப் பட்டியல்). 2014 மார்ச் 1 முதல் தனிப் பதிவேடு கட்டாயம். நோயாளி பெயர், மருத்துவர் பெயரும் முகவரியும், மருந்து, அளவு ஆகியவற்றை எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். அமாக்ஸிசிலின் இந்தப் பட்டியலில் இல்லை, ஆனால் ஷெட்யூல் எச் என்பதால் சீட்டில்லாமல் அதையும் தரக் கூடாது. கேரளம் 2018-லேயே மாநிலச் செயல்திட்டம் கொண்டுவந்தது. 2024-இல் 'ஆபரேஷன் அம்ரித்' என்று கடைகளில் சோதனையே நடத்தத் தொடங்கியது. அப்படி யாராவது வந்து பதிவேட்டைப் புரட்டினால்தான் அது ஒழுங்காக எழுதப்படும் என்பது என் உறுதியான கருத்து.

வைகைக்கரை:
நன்றி. ஒரு சந்தேகம்: மெரோபெனெம் முடிவை அறிக்கையில் மறைத்து வைக்கலாமா?

பெட்ரிதட்டு:
வைக்கலாம், வைக்கவும் வேண்டும். கிருமி செஃபலோஸ்போரினுக்கு (செஃப்ட்ரியாக்ஸோன் வகை மருந்து) கேட்டால் மெரோபெனெமை அறிக்கையில் அச்சிடாதீர்கள், வூநெட்டில் மட்டும் பதியுங்கள். மருத்துவர் கேட்டால் போனில் சொல்லலாம்.