பென்னாகரம் பக்கத்துப் பள்ளிக்கு ஃப்ளூரைடு சோதனைப் பெட்டி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளூரைடு அதிகம் என்பது எல்லாருக்கும் தெரியும். 6 முதல் 8 வரை படிக்கும் பிள்ளைகள் தங்கள் தெருத் தண்ணீரைத் தாங்களே சோதிக்க ஒரு பெட்டி தேவை. மீட்டர் வேண்டாம், நிற அட்டையோடு ஒப்பிடும் வகையே போதும். ஆனால் லிட்டருக்கு 1 மி.கி., 1.5 மி.கி. இரண்டுக்கும் அட்டையில் தனித்தனி நிறம் இருக்க வேண்டும். குடிநீர்த் தரநிலையின் எல்லைகள் அவைதான். காலாவதித் தேதியை அவசியம் பாருங்கள். கெட்டுப்போன கரைசல் நிறத்தைத் தப்பாகக் காட்டும், பிள்ளைகள் நல்ல தண்ணீரைக் கெட்டது என்று எழுதிவிடுவார்கள். மாதிரி எடுக்க 100 மி.லி. பிளாஸ்டிக் பாட்டில் 20 வேண்டும். கண்ணாடி கூடாது, ஃப்ளூரைடு அதோடு வினைபுரியக்கூடும்.

பள்ளி மானியம் பழுதுபார்ப்புக்கே போய்விடுகிறது. அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை திரட்டும் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டம் வழியாக ஆய்வகப் பொருள் பெற்ற ஆசிரியர்கள் இருந்தால், கோரிக்கையில் என்ன எழுதினீர்கள் என்று சொல்லுங்கள். மாணவர்களின் புது அறிவியல் யோசனைகளுக்கான மத்திய அரசுத் திட்டமான இன்ஸ்பயர் மானக்கில் தேர்வாகும் மாணவருக்கு 10,000 ரூபாய் கிடைக்கும். இந்தச் சோதனையையே யோசனையாக அனுப்பலாம் என்பது என் எண்ணம். விண்ணப்பித்த அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுங்கள்.

இன்னொன்று: ஃபெட் (PhET) சிமுலேஷன்கள், அதாவது கணினியில் செய்து பார்க்கும் அறிவியல், கணிதச் சோதனைகள், இலவசம், இறக்கிவைத்தால் இணையமில்லாமலும் ஓடும். தமிழில் உள்ளவற்றை யாராவது பென்டிரைவில் போட்டுத் தர முடியுமா?