அம்மாயி வீடு, ஏற்காடு 🌄

செல்வி பெரியம்மா (6.52): அம்மாவுக்கு ராத்திரி பூரா படபடப்பு. கையெல்லாம் நடுங்குது. தம்பி, நேத்து சாயந்திரம் பஸ்ல நீ குடுத்தனுப்புன மாத்திரைய ஒண்ணு குடுத்துரட்டுமா?

ரகு மாமா (6.54): குடுங்கக்கா. எனக்கெல்லாம் ஒண்ணு போட்டா நெஞ்சு அடங்கிரும்.

கவிதா (6.55): பெரியம்மா இருங்க!! அட்டையில என்ன பேரு?

செல்வி பெரியம்மா (6.57): 📷 படம்

கவிதா (6.57): ப்ரோப்ரனலால் 40. வேண்டவே வேண்டாம். அம்மாயிக்கு வீசிங் இருக்குல்ல?

ரகு மாமா (6.58): டாக்டர் எழுதினதுதான் கண்ணு. நாலு வருசமா போடறேன், எனக்கு என்ன ஆச்சு?

கவிதா (7.01): உங்களுக்கு நல்ல மாத்திரைதான் மாமா. அதை உருவாக்கின ஜேம்ஸ் பிளாக் 1988ல நோபலே வாங்கினாரு. ஆனா ஏற்காடு பஸ்ல துண்டு போட்டு சீட் புடிப்போம்ல? துண்டு ஒண்ணும் பண்ணாது, ஆனா வேற ஆள் உக்கார முடியாது. பயந்தா நெஞ்ச படபடக்க வைக்கிற ஹார்மோன் அட்ரினலின். அது வந்து உக்கார்ற சீட்டுக்கு பீட்டா ரிசப்டர்னு பேரு. இதயத்துல பெரும்பாலும் பீட்டா 1, மூச்சுக்குழாய்ல பீட்டா 2. உங்க மாத்திரை ரெண்டு பஸ்லயும் துண்டு போட்டுரும்.

லதா சித்தி (7.02): 🌹 இனிய காலை வணக்கம் 🌹

செல்வி பெரியம்மா (7.03): இழுப்பு வந்தா பஃப் அடிச்சுக்கலாமே?

கவிதா (7.05): அங்கதான் சிக்கலே. பஃப்ல இருக்கிற சால்புட்டமால் உக்கார வேண்டியது அதே பீட்டா 2 சீட்ல. உக்காந்தாத்தான் குழாய் விரியும். துண்டு கெடந்தா பஃப் சரியா கேக்காது. ராத்திரி எத்தன தடவ அடிச்சாங்க?

செல்வி பெரியம்மா (7.09): எட்டுங்கறாங்க. பனி ஜாஸ்தி.

கவிதா (7.11): அப்ப படபடப்பே பஃப்னால இருக்கலாம். கொஞ்சம் ரத்தத்துல கலந்து கை தசையில இருக்கிற பீட்டா 2லயும் உக்காந்துரும், அதான் நடுக்கம். எட்டு தடவ தேவைப்படுதுன்னா இழுப்பு கட்டுக்குள்ள இல்ல. இன்னிக்கே டாக்டர் பாக்கணும். பேசறதுக்கே மூச்சு வாங்குச்சுன்னா யாருக்கும் காத்திருக்காதீங்க, 108 கூப்பிடுங்க.

செல்வி பெரியம்மா (7.12): இல்ல, திட்டிக்கிட்டுதான் உக்காந்திருக்காங்க 😄 காபி வேணுமாம்.

கவிதா (7.13): இப்ப வேண்டாம். அதுவும் துண்டு கேஸ்தான். தூக்கம் வர வைக்கிற அடினோசின் சீட்ட காஃபீன் புடிச்சுக்கும். படபடப்பு இன்னும் ஏறும்.

லதா சித்தி (7.14): எஸ்டேட்காரி வீட்டுல காபி கெடையாதா 😂

ரகு மாமா (7.16): இதயத்துக்கு மட்டும் துண்டு போடற மாத்திரை இல்லியா?

கவிதா (7.18): இருக்கு. மெட்டோப்ரோலால், அட்டினலால். டோஸ் ஏறுச்சுன்னா அதுவும் பக்கத்து பஸ்ல கை வைக்கும். நாமளா குடுக்கற விசயமில்ல மாமா.

ரகு மாமா (7.19): சரி, அம்மாபேட்டைல இருந்து கார் எடுத்துட்டேன். அம்மாவ கீழ கூட்டியாந்துர்றேன். அக்கா, 20 கொண்டை ஊசிக்கும் சேத்து கவர் எடுத்து வைங்க.

கவிதா (7.20): மாமா, நீங்க உங்க மாத்திரைய போட்டீங்களா? அத திடீர்னு நிறுத்தக் கூடாது. இத்தன நாள் துண்டு கெடந்ததுல உடம்பு கூடுதல் சீட் போட்டு வெச்சிருக்கும். துண்ட எடுத்தா அட்ரினலின் கூட்டமா ஏறும்.

ரகு மாமா (7.24): அட்டையோட அங்க அனுப்பிட்டனே கண்ணு